எழுதாம விட்ட வரிதான் சர்வரைக் கவுக்கும்: பழைய நெட்வொர்க் செட்டிங்கும் புது ஃபார்மேட்டுகளும்

சர்வர்ல ஓடுற லினக்ஸ் வகைங்களான சென்ட்ஓஎஸ் 7, ரெல் (ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ்) 7 ரெண்டுக்கும் 2024 ஜூன் 30-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. 2025 மே மாசம் ரெல் 10 வந்தப்போ, நெட்வொர்க் செட்டிங் எழுதி வைக்கிற பழைய ஐஎஃப்சிஎஃப்ஜி (ifcfg) ஃபைலைப் படிக்கிற வசதியையே ரெட்ஹேட் சுத்தமா எடுத்துட்டாங்க. சூஸே பக்கம் போனா எஸ்எல்ஈஎஸ் (சூஸேயோட சர்வர் லினக்ஸ்) 16-ல நெட்வொர்க்கைக் கவனிச்சுக்கிட்டிருந்த விக்கிட் (wicked) போயி நெட்வொர்க்மேனேஜர் வந்துடுச்சு, உபுண்டு இதையெல்லாம் 2017 அக்டோபர்ல 17.10 வந்தப்பவே பண்ணி நெட்பிளானுக்குத் தாவிட்டாங்க. டெபியன் மட்டும்தான் சாதாரண சர்வர் இன்ஸ்டால்ல இன்னும் அதே பழைய இன்டர்ஃபேசஸ் ஃபைலை வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கு, அதுலயும் கிளவுட் இமேஜ் எடுத்தீங்கன்னா நெட்பிளான்தான் இருக்கும். ஆக, வருஷக்கணக்கா யாரும் தொடாம ஓடிக்கிட்டு இருந்த சர்வரோட நெட்வொர்க் செட்டிங்கை இப்ப வேற ஃபார்மேட்டுக்கு மாத்தியே ஆகணும்னு நிறைய பேர் உக்காந்திருக்காங்க.

பார்க்க சின்ன வேலைதான். ஒரு ஐபி, ஒரு நெட்மாஸ்க், ஒரு கேட்வே, ரெண்டு டிஎன்எஸ். பழைய ஃபைல்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் புது ஃபைல்ல என்ன வரின்னு ஒரு டேபிள் போட்டு மாத்திட்டா முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க, கன்வெர்ஷன் ஸ்கிரிப்ட் எழுதுறவங்களும் அப்படித்தான் எழுதுறாங்க. ஃபைல்ல எழுதியிருக்கிற வரி எல்லாம் ஒழுங்கா மாறிடுதுங்கிறது உண்மைதான். மாட்டிக்கிறது எழுதாத வரிங்கள்லதான். பழைய சாஃப்ட்வேர் ஒரு விஷயத்தை தானாவே ஒரு மாதிரி எடுத்துக்கிட்டு இருந்திருக்கும், அதை நம்பி யாரோ அந்த வரியை எழுதாம விட்டிருப்பாங்க, புது சாஃப்ட்வேர் அதே இடத்துல வேற மாதிரி எடுத்துக்கும். வழக்கமா போற டீக்கடையில "வழக்கம்போல ஒண்ணு"ன்னு சொன்னா சர்க்கரை கம்மியா ஸ்ட்ராங்கா வரும், அதையே பஸ் ஸ்டாண்ட் கடையில போய் சொன்னா என்ன வரும்னு தெரியாதுல்ல, அந்தக் கதைதான் இது.

முதல்ல இவ்வளவு ஃபார்மேட் எப்படி வந்துச்சுன்னு வேகமா பாத்துடலாம். லினக்ஸ் கெர்னலுக்கு ஃபைல் எதுவும் தெரியாது. அதுக்கு நெட்லிங்க் வழியா "இந்த கார்டுக்கு இந்த அட்ரஸ் போடு, இந்த ரூட் போடு"ன்னு சொன்னா போடும், மெஷினை ரீபூட் பண்ணா எல்லாத்தையும் மறந்துடும். அதனால பூட் ஆகும்போது திரும்பச் சொல்றதுக்கு ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தனக்குத் தோணின மாதிரி ஒரு ஃபைலும் ஸ்கிரிப்டும் வச்சுக்கிட்டாங்க. டெபியன்காரங்க ஒரே ஃபைல்ல எல்லா கார்டையும் எழுதற ஐஎஃப்அப்டவுன் பாணி. ரெட்ஹேட்காரங்க கார்டுக்கு ஒரு ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைல், அதுக்குள்ள ஷெல் வேரியபிள். சூஸேலயும் ஃபைல் பேரு ஐஎஃப்சிஎஃப்ஜிதான் ஆனா உள்ள பாஷை வேற, அங்க "ஆன்பூட்" கிடையாது "ஸ்டார்ட்மோட்", கேட்வேயை தனியா ரூட்ஸ் ஃபைல்ல எழுதணும். ஒரே பேருன்னு ரெட்ஹேட் ஃபைலை சூஸேல காப்பி பண்ணிப் போட்டு முழிச்சவங்க ஏராளம். அப்புறம் லேப்டாப்புக்காக வந்த நெட்வொர்க்மேனேஜர் சர்வருக்கும் வந்துச்சு, அது தனக்குன்னு கீஃபைல்னு ஒரு ஐஎன்ஐ மாதிரி ஃபார்மேட் வச்சிருக்கு. 2014-ல லினக்ஸை பூட் பண்ற சிஸ்டம்டி கூட நெட்வொர்க்டி வந்துச்சு. இது ரெண்டுக்கும் மேல உக்காந்துக்கிட்டு யாமல்ங்கிற (YAML) ஃபார்மேட்ல எழுதினதை இவங்க பாஷைக்கு மாத்திக் குடுக்கிறது நெட்பிளான். கிளவுட்ல மெஷின் பிறக்கும்போதே செட்டிங் குடுக்கணும்னு கிளவுட்-இனிட், அதுல வெர்ஷன் 1 ஒரு அமைப்பு, வெர்ஷன் 2 நெட்பிளான் மாதிரியே. போதும், இதுக்கு மேல போனா தலை சுத்தும்.

இப்ப எழுதாத வரி என்ன பண்ணும்னு பாருங்க. 10.20.30.40-ன்னு ஒரு ஐபி, பக்கத்துல நெட்மாஸ்க் எழுதலைன்னு வைங்க. பழைய ரெட்ஹேட் ஸ்கிரிப்ட் இதை கிளாஸ் ஏ அட்ரஸ்னு பாத்து மாஸ்க் 8-ன்னு எடுத்துக்கும். கிளாஸ் ஏ, பி, சி கணக்கை 1993-லயே சிஐடிஆர்ங்கிற முறை வந்து ஒழிச்சுடுச்சு, ஆனா ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அதே ஐபியை நெட்வொர்க்மேனேஜரோட என்எம்சிஎல்ஐ கமாண்ட்ல மாஸ்க் இல்லாம குடுத்தா 32-ன்னு எடுத்துக்கும், அதாவது அக்கம்பக்கத்துல யாருமே இல்லாத ஒத்தை அட்ரஸ். ஒரு இடத்துல கிட்டத்தட்ட ஒரு கோடியே எழுபது லட்சம் அட்ரஸ் பக்கத்து வீடு, இன்னொரு இடத்துல பக்கத்து வீடே கிடையாது. எழுதினது ரெண்டு இடத்துலயும் அதே பதினோரு எழுத்துதான். கன்வெர்ஷன் ஸ்கிரிப்ட் எழுதினவர் "ஐபி வரியை ஐபி வரிக்கு மாத்திட்டேன்"னு சொல்லுவார், அவர் சொல்றதும் தப்பில்ல.

நெட்மாஸ்க் விட்டுப்போனதாவது உடனே தெரிஞ்சுடும், பிங் போகாது. நெட்வொர்க் பிரிட்ஜ் (மெஷினுக்குள்ளேயே இருக்கிற ஸ்விட்ச் மாதிரி) கதை அப்படி இல்ல, அது கொஞ்சம் விவரமா பாக்கவேண்டியது. விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சர்வர்ல பிசிக்கல் கார்டை ஒரு பிரிட்ஜுக்குள்ள போட்டு அந்த பிரிட்ஜ்ல விஎம்களை மாட்டி வைப்பாங்க. பழைய டெபியன் ஃபைல்ல "பிரிட்ஜ் போர்ட்ஸ் ஈத்0"-ன்னு ஒரு வரி இருக்கும், ஐபி இருக்கும், அவ்வளவுதான். ஸ்பானிங் ட்ரீ (எஸ்டிபி, நெட்வொர்க்ல லூப் வராம தடுக்கிற முறை) பத்தி ஒரு எழுத்து இருக்காது, ஏன்னா கெர்னல் உருவாக்குற பிரிட்ஜ்ல எஸ்டிபி இயல்பாவே ஆஃப், ஐஎஃப்அப்டவுனும் அதை ஆஃப்லயே விட்டுடும். இதை அப்படியே வரிக்கு வரி நெட்வொர்க்மேனேஜர் கீஃபைலா எழுதினீங்கன்னா பிரிட்ஜ், அதுக்குள்ள ஒரு போர்ட், ஐபி, எல்லாம் சரியா வரும். ஆனா நெட்வொர்க்மேனேஜர்ல எஸ்டிபி எழுதலைன்னா அர்த்தம் ஆன். நெட்பிளான் கையேடும் இயல்பு ஆன்னுதான் சொல்லுது. நெட்வொர்க்டியோ "எழுதலைன்னா கெர்னல் எப்படி வச்சிருக்கோ அப்படியே"ன்னு விட்டுடும், அதாவது ஆஃப்.

சரி எஸ்டிபி ஆன் ஆனா என்ன போச்சுன்னு கேக்கலாம். ரெண்டு விஷயம் போகும். முதல்ல, பிரிட்ஜ்ல ஒரு போர்ட் மேல வந்ததும் 15 செகண்ட் லிசனிங், அடுத்த 15 செகண்ட் லேர்னிங்னு அரை நிமிஷம் பாக்கெட்டையே விடாது. விஎம் பூட் ஆகி டிஎச்சிபில (தானா ஐபி குடுக்கிற முறை) ஐபி கேட்டுப் பாத்துட்டு கிடைக்கலைன்னு கைவிட்டுடும், நெட்வொர்க் வழியா பூட் ஆகிற பிஎக்ஸ்ஈன்னா இன்னும் மோசம். இதையாவது "ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்லி ஓட்டிடலாம். ரெண்டாவது விஷயம்தான் ஆளை எழுப்பும். எஸ்டிபி ஆன் ஆன பிரிட்ஜ் வெளிய பிபிடியுங்கிற எஸ்டிபி பாக்கெட்டை அனுப்ப ஆரம்பிக்கும். டேட்டா சென்டர் ஸ்விட்ச்ல சர்வர் மாட்டியிருக்கிற போர்ட்ல பிபிடியு கார்டுன்னு (guard, காவல்) ஒரு பாதுகாப்பு போட்டு வைக்கிறது ரொம்ப சாதாரணம், சர்வர் மாட்டுற போர்ட்ல யாரோ தெரியாம ஒரு ஸ்விட்சை மாட்டிட்டா லூப் ஆகக் கூடாதுன்னு. அந்த போர்ட்ல ஒரே ஒரு பிபிடியு வந்தாலும் ஸ்விட்ச் போர்ட்டை மூடிடும், சிஸ்கோவா இருந்தா எர்ர்-டிசேபிள்னு காட்டும். சர்வர் பக்கம் என்ன தெரியும்? நெட்வொர்க் ரீஸ்டார்ட் பண்ணோம், லிங்க் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல கேபிள் பிடுங்கின மாதிரி லிங்க் டவுன். ஐபி சரி, மாஸ்க் சரி, கேட்வே சரி, ஃபைலை எத்தனை தடவை பாத்தாலும் தப்பே இருக்காது. சர்வர் டீம் கேபிளை மாத்துவாங்க, நெட்வொர்க் டீம் "உங்க சர்வர் பிபிடியு அனுப்புது"ன்னு சொல்லுவாங்க, "நாங்க எஸ்டிபியே போடலையே"ன்னு இவங்க சொல்லுவாங்க. போடலைங்கிறதுதான் சார் பிரச்சனையே.

இதுக்கு மருந்து ரொம்ப சின்னது, புது ஃபைல்ல எஸ்டிபி ஃபால்ஸ்னு ஒரு வரி. ஆனா அந்த வரியை எழுதணும்னு கன்வெர்டருக்குத் தெரியணும்னா, மூலத்துல அந்த வரி இல்லைங்கிறதை அது ஒரு தகவலா எடுத்துக்கணும். பெரும்பாலான கன்வெர்டருங்க எழுதப்பட்டிருக்கிற விதம் அப்படி இல்ல, ஃபைல்ல இருக்கிற கீயை (செட்டிங் பேரை) ஒண்ணொண்ணா எடுத்து லூப்ல சுத்துவாங்க. இல்லாத கீ லூப்ல வராதே.

எழுதின வரியிலயும் குழி இருக்கு, அது வேற வகை. ரெண்டு மூணு கார்டைச் சேர்த்து ஒண்ணா ஓட்டுற பாண்டிங்ல லிங்க் உயிரோட இருக்கான்னு எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு சொல்ற எம்ஐஐமான் மதிப்பு 100-ன்னு எல்லா ஊர்லயும் எழுதுவாங்க. கெர்னலுக்கு அது 100 மில்லிசெகண்ட். ஐஎஃப்சிஎஃப்ஜில பாண்டிங் ஆப்ஷன்ஸ் வரியில எழுதினாலும் மில்லிசெகண்ட்தான், நெட்பிளான்ல யூனிட் போடாம 100-ன்னு எழுதினாலும் மில்லிசெகண்ட். நெட்வொர்க்டி ஃபைல்ல நேரா 100-ன்னு எழுதினா சிஸ்டம்டியோட பொது வழக்கப்படி அது 100 செகண்ட். லிங்க் அறுந்து ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல ஆகியும் பாண்டுக்குத் தெரியாது. ஃபெயில்ஓவர் டெஸ்ட் பண்ணாதவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா மத்த நேரம் எல்லாம் பச்சை லைட்தான்.

இன்னொண்ணு மேக் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு கார்டுக்கும் இருக்கிற அடையாள எண். ரெட்ஹேட் ஃபைல்ல "ஹெச்டபிள்யூஅட்ரஸ்"னு ஒரு கீ இருக்கு, அதுக்கு அர்த்தம் "இந்த மேக் இருக்கிற கார்டுக்குத்தான் இந்த செட்டிங்". கார்டோட மேக்கையே மாத்தணும்னா "மேக்அட்ரஸ்"னு வேற கீ. டெபியன்லயும் கிட்டத்தட்ட அதே பேர்ல ஒரு கீ இருக்கு, ஆனா அங்க அதுக்கு அர்த்தம் "இந்த மேக்கை கார்டு மேல போடு". பேரு ஒண்ணா இருக்கேன்னு மாத்தினா அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, கார்டுக்கு ஏற்கனவே இருக்கிற மேக்கையே திரும்பப் போடுது. எப்பவோ ஒரு நாள் அந்த விஎம்மை குளோன் பண்ணுவாங்க, ஹைப்பர்வைசர் குளோனுக்கு புது மேக் குடுக்கும், உள்ள இருக்கிற ஃபைல் பழைய மேக்கை எடுத்து மேல பூசும், ஒரே நெட்வொர்க்ல ரெண்டு மெஷின் ஒரே மேக். இதை உருப்படியா பிரிச்சு வச்சிருக்கிறது நெட்வொர்க்மேனேஜர்தான்னு நான் சொல்லுவேன், அதுல ஆளை அடையாளம் பாக்க ஒரு கீ, மேல பூசறதுக்கு "குளோன்டு மேக்"னு இன்னொரு கீ, குழப்பத்துக்கே இடமில்ல. நெட்பிளான்ல ரெண்டுக்கும் ஒரே பேர், "மேட்ச்"சுக்குள்ள எழுதினா அடையாளம், வெளிய எழுதினா பூச்சு, யாமல்ல ரெண்டு ஸ்பேஸ் தள்ளி எழுதிட்டா அர்த்தமே மாறிடும்.

மேக் அட்ரஸ் பத்திப் பேசும்போது யாமலோட ஒரு கூத்தையும் சொல்லிடறேன். கேவிஎம்ல (லினக்ஸோட விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடுற விஎம்களுக்கு மேக் வழக்கமா 52:54:00-ன்னு ஆரம்பிக்கும். அது 52:54:00:12:34:56-ன்னு எல்லாமே எண்ணா, முதல் எண் பூஜ்யத்துல ஆரம்பிக்காம, ஒவ்வொண்ணும் 60-க்குள்ள இருந்துட்டா, யாமல் 1.1 விதிப்படி கோட்ஸ் போடாத அந்த எழுத்தை 60 அடிமான எண்ணா படிக்கணும், மணி நிமிஷம் செகண்ட் மாதிரி. பைதானோட பையாமல் (PyYAML) நூலகம் அதை 41135085296-ன்னு ஒரு நம்பரா குடுக்கும். நெட்பிளான் சி-ல எழுதினது, அது எழுத்தை எழுத்தாவே எடுத்துக்கும். ஆக ஒரே யாமல் ஃபைல், ஒரு டூல்ல மேக் அட்ரஸ், இன்னொரு டூல்ல நாலாயிரம் கோடி. ஹெக்ஸ் எழுத்து ஒண்ணாவது இருந்தா இந்தப் பிரச்சனை வராது, அதனாலயே இது நூத்துல ஒரு மெஷின்ல மட்டும் வந்து உயிரை வாங்கும். மேக் அட்ரஸை எப்பவும் கோட்ஸுக்குள்ள எழுதுங்க, வேற ஒண்ணும் பண்ணவேண்டாம்.

டிஎச்சிபிக்கு வருவோம். "இந்த கார்டு டிஎச்சிபி"ங்கிறதை விட சின்ன செட்டிங் ஒண்ணு இருக்க முடியுமா, ஆனா உபுண்டு 16.04-ல இருந்து 18.04 போனப்போ நிறைய பேரை அலைய விட்டது இதுதான். பழைய டிஎச்கிளையன்ட் காலத்துல சர்வர்கிட்ட கார்டோட மேக் அட்ரஸ்தான் அடையாளம், டிஎச்சிபி சர்வர்ல "இந்த மேக் வந்தா இந்த ஐபி குடு"ன்னு ரிசர்வேஷன் போட்டு வச்சிருப்பாங்க. நெட்வொர்க்டி இயல்பா அனுப்புறது மேக் இல்ல, மெஷின் ஐடில இருந்து செஞ்ச டியுஐடிங்கிற அடையாளம். தரத்துல இருக்கிறதுதான், 2006-லயே ஆர்எஃப்சி 4361-ல எழுதி வச்சாச்சு, அவங்க தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா ரிசர்வேஷன் பொருந்தாம புது ஐபி வரும். இதுக்கு மேல ஒரு கொடுமை, விஎம் டெம்ப்ளேட் செய்யும்போது மெஷின் ஐடி ஃபைலைக் காலி பண்ணாம விட்டிருந்தா அதுல இருந்து பிறக்கிற எல்லா விஎம்முக்கும் ஒரே டியுஐடி, டிஎச்சிபி சர்வர் பாவம் எல்லாரையும் ஒரே ஆள்னு நினைச்சு ஒரே ஐபியைக் குடுக்கும். நெட்பிளான்ல "டிஎச்சிபி ஐடென்டிஃபையர் மேக்"னு ஒரு வரி போட்டா பழைய நடத்தை திரும்ப வந்துடும். திரும்பவும் அதே கதை பாருங்க, பழைய ஃபைல்ல இல்லாத ஒரு வரியைப் புது ஃபைல்ல எழுதினாத்தான் பழைய மாதிரி நடக்கும்.

கேட்வே இன்னொரு கிளாசிக். ரெண்டு கார்டு, ரெண்டு ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைல், ரெண்டுலயும் கேட்வே வரி. எழுதவே கூடாது, ஆனா எழுதியிருப்பாங்க. பழைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கார்டா மேல கொண்டுவரும்போது இருக்கிற டீஃபால்ட் ரூட்டை (வெளிய போற பாக்கெட்டுக்கான பொது வழி) மாத்தி எழுதும், அதனால கடைசியா வந்த கார்டோட கேட்வே ஜெயிக்கும். வருஷக்கணக்கா அப்படியே ஓடியிருக்கும், எல்லாரும் அதுதான் டிசைன்னு நினைச்சிருப்பாங்க. நெட்வொர்க்மேனேஜர் ரெண்டு ரூட்டையுமே வச்சுக்கும், ஈதர்நெட்டுக்கு மெட்ரிக் (முன்னுரிமை எண்) 100, அடுத்ததுக்கு 101-ன்னு, குறைஞ்ச மெட்ரிக் இருக்கிறது ஜெயிக்கும். ஆக கடைசி ஆள் ஜெயிச்ச இடத்துல இப்ப முதல் ஆள் ஜெயிக்கிறான், வெளிய போற பாக்கெட் வேற கார்டு வழியா போகுது, நடுவுல இருக்கிற ஃபயர்வால் அதை ட்ராப் பண்ணுது. நெட்பிளான்ல "கேட்வே4"ங்கிற கீயையே வேண்டாம்னு ஒதுக்கி, ரூட்ஸ் பகுதியில டீஃபால்ட் ரூட்டா எழுதுங்கன்னு சொன்னதுக்கு காரணமே இதுதான். இன்டர்ஃபேசுக்கு ஒரு கேட்வேன்னு எழுதவிட்டா ஆளாளுக்கு ஒண்ணு எழுதுறாங்க, உண்மையில டீஃபால்ட் ரூட் மெஷினுக்குச் சொந்தம், கார்டுக்கு இல்ல. கேட்வே4 எழுதினா வர்ற வார்னிங்கைப் பாத்து திட்டுறவங்க நிறைய, நான் அவங்க பக்கம் இல்ல.

ஆனா ஒதுக்கின கீயை எப்படி நடத்தணும்ங்கிறதுலதான் டூல் எழுதுறவங்களோட தரம் தெரியும். கிளவுட்-இனிட் மாதிரி ஒரு டூலை எடுத்துக்குங்க. உள்ள வர்றது வெர்ஷன் 1, வெர்ஷன் 2 ரெண்டும், வெளிய போறது டெபியன் இன்டர்ஃபேசஸ், ரெட்ஹேட் பாணி ஃபைல், நெட்பிளான், நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர்னு அஞ்சு. நேருக்கு நேர் மாத்தினா பத்து மொழிபெயர்ப்பாளர் வேணும், பத்துலயும் கேட்வே4-ஐ தனித்தனியா கவனிக்கணும், எட்டுல கவனிச்சு ரெண்டுல விட்டுடுவாங்க. அதனால நடுவுல ஒரு பொது மாடல் வச்சிருக்காங்க, உள்ள வர்றது எதுவா இருந்தாலும் முதல்ல அந்த மாடலுக்கு மாறும், அங்கிருந்து ஒவ்வொரு ஃபார்மேட்டுக்கும் எழுதுற ரெண்டரர் தனி. பழைய கீயை எங்க கையாளணும்னு கேட்டா, படிக்கிற வாசல்லயே. கேட்வே4-ன்னு வந்தா அந்த இடத்துலயே டீஃபால்ட் ரூட்டா மாத்திட்டு உள்ள விடணும், அப்புறம் எந்த ரெண்டரருக்கும் கேட்வே4-ன்னு ஒண்ணு இருந்ததே தெரியக்கூடாது. ரெண்டரருக்குள்ள "கேட்வே4 இருந்தா இப்படி"ன்னு ஒரு இஃப் எழுத ஆரம்பிச்சீங்கன்னா அன்னைக்கே தொலைஞ்சுது, ஒரு ஃபார்மேட்ல வேலை செய்யும், இன்னொண்ணுல சத்தமில்லாம காணாமப் போகும்.

இதுல ஒரு நெளிவு இருக்கு. நெட்பிளான் இருக்கிற மெஷின்ல வெர்ஷன் 2-ஐ கிளவுட்-இனிட் மாடலுக்குள்ள போட்டு மாத்தாம அப்படியே நெட்பிளானுக்கு தள்ளி விட்டுடும், ஏன் ரெண்டு வேலைன்னு. சரியான யோசனைதான், ஆனா அதோட விளைவு என்னன்னா ஒரே வெர்ஷன் 2 செட்டிங் உபுண்டுல ஒரு வழியா போகுது, ரெட்ஹேட் குடும்பத்துல மாடல் வழியா போகுது. உபுண்டுல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனது மத்த இடத்துல பாஸ் ஆகும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, மாடலுக்கு ஒரு கீ தெரியலைன்னா அது விழுந்துடும்.

எழுதாத வரியை மதிக்கத் தெரிஞ்ச ஆளுங்களும் இருக்காங்க. நெட்வொர்க்மேனேஜர்ல ஐபிவி6 அட்ரஸை எப்படி உருவாக்கணும்னு ஒரு செட்டிங் பின்னாடி வந்துச்சு, பழைய முறை மேக்கை வச்சு செய்யற ஈயுஐ64, புது முறை பிரைவசிக்காக ஸ்டேபிள் பிரைவசி. புதுசா கமாண்ட்ல உருவாக்குற கனெக்ஷனுக்கு புது முறையை இயல்பாக்கினாங்க. ஆனா டிஸ்க்ல ஏற்கனவே இருக்கிற ஃபைல்ல அந்தக் கீ இல்லைன்னா பழைய முறைன்னே அர்த்தம்னு வச்சாங்க. அந்த ஃபைல் எழுதப்பட்ட காலத்துல அந்தக் கீயே கிடையாது, அப்ப எழுதினவர் எதிர்பார்த்தது ஈயுஐ64-தானேங்கிற நியாயம். அப்கிரேட் பண்ணதும் சர்வரோட ஐபிவி6 அட்ரஸ் மாறிப்போகாம இருந்ததுக்கு இந்த ஒரு முடிவு காரணம், யாரும் இதுக்காக அவங்களைப் பாராட்டினதா தெரியல.

மாத்தவே முடியாத பகுதி ஒண்ணு இருக்கு, அதை ஒத்துக்கிறதுதான் நல்லது. ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைலை பழைய ஸ்கிரிப்ட் படிக்கல, ஷெல்லுக்குள்ள இழுத்து ஓட்டுச்சு. அதனால உள்ள வேற ஃபைலை இழுக்கலாம், கமாண்டை ஓட்டி அதோட விடையை ஐபியா போடலாம். பேர் வரியில "ஆஃபீஸ் லேன்"னு நடுவுல ஸ்பேஸோட கோட்ஸ் இல்லாம எழுதினா ஷெல் என்ன பண்ணும் தெரியுமா, பேருங்கிற வேரியபிள்ல "ஆஃபீஸ்"னு வச்சுக்கிட்டு "லேன்"ங்கிற கமாண்டை ரூட்டா ஓட்டப் பாக்கும். லேன்னு ஒரு கமாண்ட் இல்லாததால தப்பிச்சோம். கான்ஃபிக் ஃபைலை ஷெல்லா ஓட்டுறதுங்கிறது அந்தக் காலத்துல வசதியா தெரிஞ்சிருக்கும், எனக்கு அது ஆரம்பத்துல இருந்தே தப்பான முடிவாத்தான் படுது. டெபியன் பக்கம் வேற மாதிரி, அங்க ஐஎஃப்அப்டவுனுக்கு எல்லாக் கீயும் தெரியணும்னு இல்ல. தெரியாத கீயை பெரிய எழுத்தா மாத்தி, ஹைஃபனை அண்டர்ஸ்கோர் ஆக்கி, முன்னாடி ஐஎஃப்னு ஒட்டி என்விரான்மென்ட் வேரியபிளா ஹுக் ஸ்கிரிப்டுகளுக்கு குடுத்துடும். பிரிட்ஜ், பாண்டிங் எல்லாமே இப்படி வெளி பேக்கேஜோட ஸ்கிரிப்ட்தான் கவனிக்குது. பாண்ட் மோடை ஹைஃபனோட எழுதினாலும் அண்டர்ஸ்கோரோட எழுதினாலும் வேலை செஞ்சதுக்கு இதுதான் காரணம், ரெண்டும் அதே வேரியபிள் ஆயிடும். ஆனா ஹைஃபனை மட்டும் எதிர்பார்த்து எழுதின கன்வெர்டர் அண்டர்ஸ்கோர் வரியைத் தாண்டிப் போயிடும், பாண்ட் வந்து நிக்கும், மோடு மட்டும் கெர்னலோட இயல்பான ரவுண்ட் ராபின்ல நிக்கும்.

அப்புறம் "அப்", "போஸ்ட்-அப்", "ப்ரீ-டவுன்" வரிங்க. அதுல ஐபிடேபிள்ஸ் ரூல் இருக்கும், ஸ்டாடிக் ரூட் இருக்கும், ஒரு ஆள் ஏதோ ஒரு பிரச்சனைக்கு கார்டோட ஆஃப்லோடை ஈத்டூல்ல ஆஃப் பண்ணி வச்சிருப்பார், ஏன்னு யாருக்கும் தெரியாது. இதை எந்த டூலும் மாத்தாது, மாத்தறேன்னு சொன்னாலும் நம்பாதீங்க. ரூட் ஆட் வரியை ரூட்ஸ் பகுதிக்கு கையால மாத்தலாம், மத்ததை, கார்டு மேல வரும்போது ஸ்கிரிப்டை ஓட்டுற நெட்வொர்க்மேனேஜர் டிஸ்பாச்சருக்கோ நெட்வொர்க்டி-டிஸ்பாச்சருக்கோ நகர்த்தணும். ஒரு நல்ல கன்வெர்டர்கிட்ட நான் எதிர்பார்க்கிறது இதுதான்: புரியாத வரி வந்தா சத்தம் போட்டு நிக்கணும். சத்தமில்லாம தாண்டிப் போற கன்வெர்டரை விட கையால எழுதறதே மேல்.

வேலைக்கு வந்தா, ஃபைலையும் ஃபைலையும் ஒப்பிட்டுப் பாக்கிறதுல பிரயோஜனம் இல்ல, கெர்னல் நிலையை ஒப்பிடணும். மாத்தறதுக்கு முன்னாடி பழைய சர்வர்ல ஐபி கமாண்டை ஜேசான் அவுட்புட்டோட ஓட்டி லிங்க் விவரம், அட்ரஸ், எல்லா டேபிளோட ரூட், ரூல், அப்புறம் ரிசால்வ் ஃபைல், பாண்ட் இருந்தா ப்ராக் ஃபைல்சிஸ்டம்ல அதோட நிலை எல்லாத்தையும் எடுத்து வச்சுக்குங்க. லிங்க்கை விவரமா கேக்கற ஆப்ஷனோட கேட்டா பிரிட்ஜோட எஸ்டிபி நிலையும் ஃபார்வர்ட் டிலேயும் அதுலயே வந்துடும். மாத்தி ரீபூட் பண்ணதும் அதையே திரும்ப எடுத்து டிஃப் பாருங்க. இன்டெக்ஸ் நம்பர், லீஸ் நேரம் மாதிரி தானா மாறுறதைக் கழிச்சுட்டா மீதி இருக்கிற ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பதில் சொல்லத் தெரியணும். நான் மேல சொன்ன எஸ்டிபி, எம்ஐஐமான், மெட்ரிக், மாஸ்க், மேக் எல்லாமே இந்த டிஃப்ல பளிச்சுன்னு தெரியும். டிஎச்சிபி அடையாளம் மட்டும் தெரியாது, அதுக்கு டிஎச்சிபி சர்வர் லாக்கைத்தான் பாக்கணும்.

தூரத்துல இருக்கிற மெஷின்ல பண்றீங்கன்னா நெட்பிளான்ல "ட்ரை" கமாண்டை யூஸ் பண்ணுங்க, 120 செகண்டுக்குள்ள நீங்க என்டர் தட்டலைன்னா பழைய செட்டிங்குக்குத் தானே திரும்பிடும். ஆனா பாண்ட், பிரிட்ஜ் பாராமீட்டரை மாத்தும்போது அதை முழுசா நம்பாதீங்க, கன்சோலை திறந்து வச்சுக்குங்க. நெட்வொர்க்மேனேஜர்ல செக்பாயின்ட் வசதி இருக்கு, என்எம்ஸ்டேட்ங்கிற டூல் அதை யூஸ் பண்ணி கேட்ட நிலை வரலைன்னா தானே பின்வாங்கிடும்.

ரெல் 9-லயே இன்னும் இருக்கிறவங்களுக்கு ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைல் இப்பவும் ஓடும், அங்க இருக்கும்போதே என்எம்சிஎல்ஐ-ல கனெக்ஷன் மைக்ரேட் பண்ணிடறது நல்லது. நெட்வொர்க்மேனேஜர் தன் மனசுல புரிஞ்சு வச்சிருக்கிற நிலையை அப்படியே கீஃபைலா எழுதறதால கையால வரிக்கு வரி மாத்தறதை விட இது எவ்வளவோ பத்திரம். கையால எழுதின கீஃபைலா இருந்தா ஓனர் ரூட், பர்மிஷன் 600 இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அது அந்த ஃபைலை எடுத்துக்கவே எடுத்துக்காது, லாக்ல ஒரு வரி மட்டும் எழுதிட்டு அந்த கார்டுக்கு தானா ஒரு டிஎச்சிபி கனெக்ஷனை உருவாக்கிடும். கிளவுட் இமேஜா இருந்தா நெட்பிளான் டைரக்டரில இருக்கிற 50-கிளவுட்-இனிட் ஃபைலை நேரா எடிட் பண்ணாதீங்க, அது கிளவுட்-இனிட்டோடது, தனக்குத் தோணும்போது மேல எழுதிடும். முதல்ல கிளவுட்-இனிட் கான்ஃபிக்ல நெட்வொர்க்கை டிசேபிள் பண்ணிட்டு, அந்த ஃபைலை வேற பேர்ல மாத்தி வச்சுக்கிட்டு அதுல வேலை பாருங்க.